கிணறு தோண்டாமலே எண்ணெய் இருக்கிற இடம் தெரியுமா? வன்னியிலிருந்து வந்த கேள்விக்கு விரிவான பதில்

முழங்காவில் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டது இதுதான்: "மன்னார்க் கடலில் கப்பல் விட்டு, அதிர்வு அனுப்பி, எண்ணெயும் எரிவாயுவும் இருக்கிற இடத்தைப் படம் எடுத்துவிட்டார்களாம். தோண்டாமல் அது எப்படித் தெரியும்? கடலுக்கடியில் இருக்கிறதென்றால் வன்னி நிலத்துக்கடியிலும் இருக்கவேண்டுமே? எங்கள் வளவுக் கிணற்றில் சில நாட்களில் எண்ணெய் மாதிரி மினுங்குகிற படலம் மிதக்கிறது. அது என்ன?"

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதைத் தம்பியே வீட்டில் நின்று சோதிக்கலாம். ஒரு வாளியில் அந்தத் தண்ணீரைப் படலத்தோடு மெதுவாக அள்ளி வைத்து, ஈர்க்கால் படலத்தைக் கீறிப் பாருங்கள். கீறின இடத்தில் கண்ணாடி உடைந்த மாதிரித் துண்டு துண்டாகப் பிரிந்து, பிரிந்த துண்டுகள் அப்படியே நின்றால் அது இரும்புப் பக்டீரியா செய்த வேலை. தண்ணீரில் கரைந்திருக்கிற இரும்பை அவை துருவாக மாற்றும்போது மேலே வானவில் நிறத்தில் ஒரு தோல் படியும். வாளி அடியில் செம்மஞ்சள் வண்டலும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். கீறின கோடு உடனே மூடி, நிறங்கள் சுழன்று திரும்பச் சேர்ந்தால்தான் அது எண்ணெய். அப்படி இருந்தாலும் முதலில் வாட்டர் பம்பைப் பாருங்கள். டீசல் ஒழுகுகிற பம்ப் ஒன்று ஒரு கிணற்றையே நாறடிக்கும். சேற்று நிலத்தில் குமிழி குமிழியாக வாயு வந்தால் அது இலை தழை அழுகி வருகிற மீதேன். நெருப்பு வைத்தால் பற்றும்தான், ஆனால் அதற்கும் எண்ணெய் வயலுக்கும் சம்பந்தமில்லை.

சரி, இனி வன்னி நிலம். வவுனியாவிலிருந்து மாங்குளம் வரை, அங்கிருந்து முல்லைத்தீவுக் காட்டுப் பக்கம் போகப் போக, எங்கே தோண்டினாலும் கொஞ்ச ஆழத்தில் கருங்கல் தட்டுப்படும். இலங்கையின் புவிச்சரிதவியல் (பாறை வகைகளைக் காட்டுகிற) வரைபடத்தில் இந்தப் பாறைகளுக்கு வன்னித் தொகுதி என்றே பெயர். பூமிக்கு அடியில் பல கிலோமீற்றர் ஆழத்தில், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறின பாறை இது. எண்ணெய் எப்படி உண்டாகிறது என்று யோசித்தால் இங்கே ஏன் இருக்காது என்பது விளங்கும். கடலடிச் சேற்றில் அல்காக்களும் நுண்ணுயிர்களும் செத்துப் படிந்து, அதன்மேல் மேலும் மேலும் வண்டல் ஏறி, அந்தச் சேறு 60 முதல் 120 பாகை செல்சியஸ் வரை சூடாகும்போது எண்ணெய் பிறக்கிறது. அதற்கு மேலே போனால் வாயுவாகும். வன்னிப் பாறை பார்த்தது 700, 800 பாகைச் சூடு. அதில் ஒரு காலத்தில் என்ன கரிமம் இருந்திருந்தாலும் இன்றைக்கு எண்ணெயாக மிஞ்சியிருக்க வழியில்லை. குழாய்க்கிணறு அடிக்கிறவர்கள் அந்தக் கல்லின் வெடிப்புகளில் தண்ணீர்தான் தேடுகிறார்கள், அதுதான் சரியான தேடலும்.

மேற்குக் கரையில் கதை வேறு. மன்னார், பூநகரிப் பக்கம் கருங்கல் கடலை நோக்கிச் சரிந்து கீழே போகிறது. அதன் மேல் சுண்ணாம்புக்கல்லும் மணற்கல்லும் களிக்கல்லும் அடுக்கடுக்காகத் தடித்துக்கொண்டு போகின்றன. 1970களின் நடுவில் சோவியத் உதவியோடு மன்னார்த் தீவில் பேசாலையில் கிணறுகள் துளைத்தார்கள். முதலாவது கிணறு இரண்டரைக் கிலோமீற்றருக்கும் ஆழமாகப் போனது. எண்ணெய் வரவில்லை, ஆனால் அங்கே அவ்வளவு தடிப்பாக, வண்டல் படிந்து இறுகின அடையற்பாறை இருக்கிறது என்பது உறுதியானது. 1976இல் பாக்குநீரிணையிலும் நெடுந்தீவுக்கு அருகிலும், 1981இல் மன்னார் வளைகுடாவிலும் துளைத்தவையும் வெறுங்கிணறுகளாகவே போயின. அப்புறம் முப்பது வருடத்துக்கு யாரும் துளைக்கவில்லை. யுத்தம் அதற்கு ஒரு பெரிய காரணம்.

இனி முதல் கேள்வி, தம்பி உண்மையில் கேட்க வந்தது. அதிர்வை அனுப்பி எண்ணெயைக் காணமுடியுமா?

எண்ணெயைக் காணமுடியாது. பாறை அடுக்குகளின் எல்லைகளைக் காணலாம். இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் "கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று வருகிற செய்திகளில் பாதியை அமைதியாக வாசிக்கலாம்.

சின்ன அளவில் இதை எப்படிச் செய்வது என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஒரு குளக்கட்டுக்கோ பாலத்துக்கோ அடித்தளக் கல் எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று பார்க்கவேண்டுமென்றால், நிலத்தில் நேராக ஒரு கேபிள் விரித்து, இரண்டு மூன்று மீற்றருக்கு ஒன்றாக 24 ஜியோபோன்களைக் குத்துவோம். ஜியோபோன் என்பது கைப்பிடிக்குள் அடங்குகிற ஒரு பொருள். கீழே முள், உள்ளே காந்தம், காந்தத்தைச் சுற்றி வில்லில் தொங்குகிற கம்பிச் சுருள். நிலம் ஆடினால் காந்தம் ஆடும், சுருள் பின்தங்கும், சின்ன மின்னோட்டம் பிறக்கும். கோட்டின் ஒரு முனையில் இரும்புத் தகடு வைத்து, பெரிய சம்மட்டியால் ஒரு அடி. சம்மட்டிப் பிடியில் கட்டியிருக்கிற சுவிட்ச், அடி விழுந்த கணத்தைப் பதிவுக் கருவிக்குச் சொல்லும். அங்கிருந்து ஒவ்வொரு ஜியோபோனுக்கும் அதிர்வு எத்தனை மில்லிசெக்கனில் வந்தது என்று திரையில் கோடு கோடாக விழும்.

காய்ந்த மேல்மண்ணில் அதிர்வு செக்கனுக்கு 300, 400 மீற்றர்தான் ஓடும். நீர் ஊறின மண்ணில் 1,500ஐத் தொடும். உக்கின கல்லில் 2,000, 3,000. உக்காத வன்னிக் கருங்கல்லுக்குள் போய்விட்டால் 5,000க்கு மேல். இந்த வேக வேறுபாட்டை வைத்து ஆழம் கணக்கிடலாம். அடி விழும்போது எல்லாரும் அசையாமல் நிற்கவேண்டும். காற்று அடித்தால் பனையின் வேர் வழியாக வருகிற ஆட்டம்கூடப் பதிவாகும். பக்கத்து றோட்டில் உழவு இயந்திரம் போனால் அந்தப் பதிவைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்ப அடிக்கவேண்டியதுதான். ஒரு இடத்தில் பல தடவை அடித்துப் பதிவுகளைக் கூட்டினால், அடியின் அதிர்வு ஒவ்வொரு தடவையும் ஒரே நேரத்தில் வருவதால் கூடிக்கொண்டே போகும். காற்றும் உழவு இயந்திரமும் ஒழுங்கில்லாமல் வருவதால் ஒன்றையொன்று தின்னும். 64 பதிவைக் கூட்டினால் சைகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் எட்டு மடங்காகும்.

எண்ணெய்த் தேடலிலும் இதே அடிப்படைதான். நிலத்தில் சம்மட்டிக்குப் பதில் துளைக்குள் வெடிமருந்து வைப்பார்கள், அல்லது அதிர்வு லொறி வந்து தகட்டை நிலத்தில் அழுத்திச் சில செக்கன் நடுங்க வைக்கும். நேர்கோட்டில் கிலோமீற்றர் கணக்கில் ஆட்கள் நடக்கவேண்டிய வேலை இது. ஆகவே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் யாராவது எந்த நில அளவைக்காவது கூலிக்குக் கூப்பிட்டால், அந்த நிலத்துக்குக் கண்ணிவெடி அகற்றின சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாத நிலத்தில் ஒரு ஜியோபோனின் முள்ளைக்கூடக் குத்தக்கூடாது.

கடலில் வெடிமருந்து இப்போது இல்லை. கப்பலின் பின்னால் வாயுத்துப்பாக்கிகளை இழுத்துப் போவார்கள். அழுத்தி அடைத்த காற்றை ஒரே கணத்தில் தண்ணீருக்குள் விடும்போது ஒரு அலை பிறக்கும். ஏறத்தாழ 25 மீற்றருக்கு ஒரு தடவை, இரவு பகலாக. கப்பலுக்குப் பின்னால் ஆறு, எட்டுக் கிலோமீற்றர் நீளத்துக்குக் கேபிள்கள் மிதக்கும், அவற்றுக்குள் தண்ணீரில் வருகிற அதிர்வைக் கேட்கிற ஆயிரக்கணக்கான ஹைட்ரோபோன்கள். ஒரே கேபிள் என்றால் ஒரு வெட்டுமுகப் படம் கிடைக்கும், அது 2டி. பல கேபிள்களைப் பக்கம் பக்கமாக இழுத்து நெருக்கமான கோடுகளில் ஓடினால் நிலத்தடி முழுவதையும் ஒரு கனசதுரமாகப் பெறலாம், அது 3டி. கனசதுரத்தை எந்தத் திசையிலும் வெட்டிப் பார்க்கலாம் என்பதால் துளைக்கிற இடத்தைத் தீர்மானிக்க 3டி தேவை.

அலை கீழே போகும்போது ஒவ்வொரு பாறை எல்லையிலும் கொஞ்சம் திரும்பி வரும். எவ்வளவு திரும்பும் என்பதை அந்த இரண்டு பாறைகளின் அடர்த்தியும் அவற்றில் அலை ஓடுகிற வேகமும் தீர்மானிக்கின்றன. இரண்டையும் பெருக்கி வருகிற அளவு மேலும் கீழும் ஒன்றானால் எதுவும் திரும்பாது, வேறுபாடு கூடக் கூடப் பலமாகத் திரும்பும். இங்கே கவனிக்கவேண்டியது, பதிவில் இருப்பது ஆழம் கிடையாது, நேரம். 1,350 மீற்றர் ஆழக் கடலில் அலை தரைக்குப் போய்த் திரும்பவே 1.8 செக்கன் ஆகும். அதற்குக் கீழே இன்னும் 1,700 மீற்றர் பாறை, சராசரி வேகம் 2,400 என்று வைத்தால் மேலும் 1.4 செக்கன். ஆனால் அந்த 2,400 எங்களுடைய மதிப்பீடு. அது உண்மையில் 2,500 ஆக இருந்தால் அதே நேரத்துக்கு ஆழம் எழுபது மீற்றர் தள்ளிப்போகும். படத்தில் மேடாகத் தெரிவது, வேகத்தைத் திருத்தினால் சமதரையாகிவிடுவதும் உண்டு. அதனால்தான் வேகப் பகுப்பாய்வுக்கு மாதக்கணக்கில் செலவழிக்கிறார்கள்.

பதிவை அப்படியே படமாகப் பார்க்கவும் முடியாது. கடல் மேற்பரப்புக்கும் தரைக்கும் இடையில் இரண்டு மூன்று தடவை துள்ளின அலைகள் கீழே இல்லாத அடுக்குகளை இருப்பதாகக் காட்டும், அவற்றை நீக்கவேண்டும். சரிந்த அடுக்கிலிருந்து வருகிற எதிரொலி பக்கத்தில் தள்ளி விழும், அதை உரிய இடத்துக்கு நகர்த்தவேண்டும். மைக்ரேஷன் என்கிற இந்த வேலைதான் கணினி நேரத்தை ஆகக் கூடத் தின்பது.

இதெல்லாம் முடிந்தபிறகு படம் படிக்கிறவரின் கைக்கு வருகிறது. அவர் முதலில் தேடுவது எண்ணெய் பிடித்து நிற்கக்கூடிய வடிவம். மக்கள் மனதில் நிலத்தடி எண்ணெய் என்றால் இரணைமடு மாதிரிக் கீழே ஒரு குளம். அப்படி இல்லை. மணற்கல்லின் மணிகளுக்கு இடையிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகளில்தான் அது இருக்கும். தண்ணீரை விட இலேசு என்பதால் மேலே ஏறிக்கொண்டே போகும். மேலே களிக்கல் மாதிரி ஒரு மூடி இருந்து, அந்த மூடி கவிழ்ந்த தாச்சி வடிவில் மடிந்திருந்தாலோ, ஒரு பிளவு பாறையை நகர்த்தி வழியை அடைத்திருந்தாலோ, அங்கே தங்கும். இல்லையென்றால் கசிந்து போய்விடும். அதிர்வுப் படத்தில் இந்த மடிப்புகளும் பிளவுகளும் நன்றாகத் தெரியும். உள்ளே இருப்பது எண்ணெயா உப்புத் தண்ணீரா என்பது பெரும்பாலும் தெரியாது.

வாயுவுக்கு மட்டும் கொஞ்சம் அடையாளம் உண்டு. மணற்கல்லில் வாயு புகுந்தால் வேகமும் அடர்த்தியும் குறையும், அந்த எல்லை படத்தில் பளிச்சென்று ஒளிரும். அதை விட எனக்குப் பிடித்த அடையாளம் கிடைக்கோடு. சுற்றியுள்ள அடுக்குகளெல்லாம் வளைந்தும் சரிந்தும் இருக்க, அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு கோடு மட்டும் மட்டம் பிடித்ததுபோல் கிடையாகப் போகும். வாயுவும் தண்ணீரும் சந்திக்கிற இடம் அது. பாறை எப்படி மடிந்தாலும் அந்த மட்டம் கிடையாகத்தான் நிற்கும். ஒரு படத்தில் ஒளிர்வும் கிடைக்கோடும் மடிப்பின் எல்லைக்கோடும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் படிக்கிறவருக்கு இரவில் நித்திரை வராது. ஆனாலும் ஏமாற இடமிருக்கிறது. துளைகளில் சில வீதம் மட்டும் வாயு கலந்திருந்தாலே ஏறத்தாழ அதே ஒளிர்வு வரும், எடுக்க ஒன்றும் இராது. எரிமலைப் பாறை அடுக்கும் பளிச்சென்று தெரியும், அதற்குக் கீழுள்ளதை மறைக்கவும் செய்யும். மன்னார்ப் படுகையில் அப்படிப்பட்ட பாறை உண்டு.

மன்னார்ப் படுகையில் நடந்ததையே பாருங்கள். 2001இலும் 2005இலும் 2டி அளவை நடந்தது. 2008இல் கெயார்ன் லங்கா என்ற கம்பனியோடு அரசாங்கம் ஒப்பந்தம் செய்தது. அவர்கள் ஆயிரம் சதுர கிலோமீற்றருக்கும் கூடிய பரப்பில் 3டி எடுத்தார்கள். 2011இல் ஜப்பானின் சிக்யூ என்ற கப்பலைக் கொண்டுவந்து துளைத்தார்கள். பூகம்பங்களை ஆராயக் கட்டின ஆராய்ச்சிக் கப்பல் அது. டொராடோ என்ற கிணற்றில், கடல்மட்டத்திலிருந்து மூன்று கிலோமீற்றருக்குச் சற்றுக் கீழே, சுமார் 25 மீற்றர் தடிப்பில் வாயு. அடுத்து பராகுடா கிணற்றில், நான்கு கிலோமீற்றருக்கும் கீழே, சுமார் 24 மீற்றர். அதே வருடம் துளைத்த மூன்றாவது கிணறு வெறுமை. 2013இல் துளைத்த நான்காவதும் வெறுமை. நான்கும் நல்ல 3டி படத்தைப் பார்த்து, தேர்ந்த ஆட்கள் தெரிவு செய்த இடங்கள்தான். நான்கில் இரண்டில் கிடைத்தது இந்தத் தொழிலில் மிக நல்ல பலன். அப்படியிருந்தும் 2015இல் அந்தக் கம்பனி விலகிப்போனது. இன்றுவரை அங்கிருந்து ஒரு அடுப்புக்குக்கூட வாயு வரவில்லை.

அந்த 25 மீற்றரை வைத்து இன்னொன்றும் சொல்லலாம். அதிர்வுப் படத்தில் ஒரு அடுக்கின் மேலையும் கீழையும் பிரித்துப் பார்க்க, அதன் தடிப்பு அலைநீளத்தில் கால்வாசியாவது இருக்கவேண்டும். அந்த ஆழத்தில் 30 ஹேர்ட்ஸ் அலை, அதாவது செக்கனுக்கு 30 தடவை அதிர்வது, வேகம் செக்கனுக்கு 3,000 மீற்றர் என்றால் அலைநீளம் 100 மீற்றர், கால்வாசி 25. அதாவது கிடைத்த வாயு அடுக்கின் தடிப்பு, படத்தால் பிரித்துக் காட்டமுடிகிற எல்லையிலேயே நிற்கிறது. எத்தனை வாயு இருக்கிறது என்று சொல்ல, பரப்பைத் தடிப்பால் பெருக்கி, துளைகளின் வீதத்தால் பெருக்கி, அதில் தண்ணீர் போக மிச்சத்தை எடுக்கவேண்டும். பரப்புக்கு ஆதாரம் படம், மற்றவற்றுக்குக் கிணறு. ஒரு கிணறு துளைப்பது ஒரு அடி அகலமும் இல்லாத இடத்தை. அதிலிருந்து பல சதுர கிலோமீற்றருக்குக் கணக்கைப் பரப்பும்போது ஒவ்வொரு எண்ணிலும் சின்னப் பிழை இருந்தாலும் பெருக்கத்தில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வேறுபாடு வரும். ஆகவே பத்திரிகையில் "இத்தனை கோடி பீப்பாய்" என்று ஒரே எண்ணாக வந்தால், அதன் குறைந்த மதிப்பும் கூடின மதிப்பும் என்ன என்று கேட்கவேண்டும். நேர்மையான அறிக்கையில் மூன்று எண்ணும் இருக்கும்.

கடற்றொழிலாளர்களைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. அளவைக் கப்பல் மணிக்கு எட்டு, ஒன்பது கிலோமீற்றர் வேகத்தில்தான் ஓடும், ஆனால் பின்னால் அத்தனை நீளக் கேபிளோடு சடுதியாக நிற்கவோ திரும்பவோ அதால் முடியாது. குறுக்கே விரித்திருக்கிற வலை போனது போனதுதான். சத்தத்தால் மீன் விலகுவதும் கற்பனை இல்லை. 1990களில் நோர்வே ஆராய்ச்சியாளர்கள் பரன்ற்ஸ் கடலில் சோதித்தபோது, அளவை தொடங்கினபின் கொட், ஹடொக் மீன்களின் பிடிபாடு பாதியளவாகக் குறைந்தது, நிறுத்தி ஐந்து நாளாகியும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மன்னார் வளைகுடா கடற்பசுக்கள் மேய்கிற கடல். கப்பல் வருவதற்கு முன்பே எந்தத் திகதி, எந்தக் கோடு, வலை போனால் யார் நட்டஈடு தருவது என்பதைத் தமிழில் எழுதிப் பேசாலை, தாழ்வுபாடு, விடத்தல்தீவுச் சங்கங்களுக்குக் கொடுக்கவேண்டும். பெற்றோலியத் துறைக்கு 2021இல் புதுச் சட்டமும் தனி அதிகார சபையும் வந்திருக்கின்றன. கேட்க ஒரு வாசல் இருக்கிறது. வாயுத்துப்பாக்கிகளை ஒரேயடியாக முழுப் பலத்தில் போடாமல், சிறிதாகத் தொடங்கி இருபது நிமிடத்துக்கு மேல் எடுத்துக் கூட்டுவது உலக வழமை. அதையும் கேட்டு வாங்கவேண்டும்.

தம்பி உயர்தரத்தில் கணிதம் படிக்கிறதாகவும் எழுதியிருந்தார். பௌதீகத்தில் அலைகள் என்ற அலகை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், இந்தத் துறையின் பாதி அதற்குள் இருக்கிறது. பேராதனையில் புவிச்சரிதவியலும் மொறட்டுவையில் புவிவளப் பொறியியலும் இருக்கின்றன. அதுவரைக்கும் பொறுக்கவும் தேவையில்லை. அதிர்வுப் படங்களைத் திறந்து படிக்கிற ஓபன்டிடெக்ட் என்ற மென்பொருளை இலவசமாக இறக்கலாம். நெதர்லாந்து தன் வடகடல் எஃப்3 பகுதியின் முழு 3டி தரவையும் யாரும் பார்க்கலாம் என்று விட்டிருக்கிறது. ஒரு நடுத்தர மடிக்கணினி போதும். தரவைத் திறந்து முதலில் நிறங்களை விட்டுக் கறுப்பு வெள்ளையில் வையுங்கள். ஒரே ஒரு அடுக்கைத் தெரிந்தெடுத்து, பத்துக் கோட்டுக்கு ஒரு தடவை கையாலேயே கிளிக் செய்து தொடர்ந்து போங்கள். மென்பொருள் தானாகவே தொடரும் வசதியை முதல் கிழமை தொடவேண்டாம். மேற்பகுதியில், ஆழம் குறைந்த இடத்தில், சில ஒளிர்வுகள் தென்படும். அவற்றில் எது வாயு, ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்று எழுதி அனுப்புங்கள், நான் பார்த்துப் பதில் போடுகிறேன்.